சட்டம் கொடுக்கும் நாள்

வார இறுதிப் பத்திரிகைகளைப் புரட்டுவோர், விரைவில் மேடையேறவிருக்கும் நாடகங்களைப் பற்றிய அறிவித்தல்களைக் காண்பதுண்டு. நாடகத்தின் பெயர், மண்டபம், நேரம், நுழைவுச் சீட்டின் விலை, தலைமை வகிப்பவரின் பட்டம் பதவிகள் யாவும் அவற்றிலே ஒழுங்காக இடம்பெற்றிருக்கும். ஆயின், அந்நாடகத்தில் ஆடுவோர் எங்கே, எப்பொழுது, எம்முறையில் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்ற செய்தியை அவற்றிற் காண்பது அரிது. தெரிவு நடப்பதற்கு முன்னரே ஊராருக்கு அதனை அறிவித்து, ஆட விரும்புவோர் வருக என்று அழைப்பதோ அதனினும் அரிது.

பார்ப்போரை அழைக்கும் அறிவித்தல் ஒன்று. ஆடுவோரை அழைக்கும் அறிவித்தல் மற்றொன்று. பெருநகரத்துத் தொழில்முறை அரங்குக்கு முதலாவது போதியது. ஊரவர் தாமே கூடித் தம் பணத்தைச் செலவிட்டுத் தம் பிள்ளைகளை ஆடவைத்துத் தாமே பார்த்து மகிழும் சிற்றரங்குக்கு இரண்டாவதே உயிர்நாடி. ஆடுவதற்கு ஆள் வராத ஊரிலே பார்ப்பதற்கு நாடகம் இராது. ஆதலால், ஓர் ஊரின் அரங்கு எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் அரங்கேற்றத்தைப் பார்ப்பதோடு அமையாது, அவ்வரங்கு தன் நடிகரைத் தெரிந்தெடுக்கும் நாளையும் பார்த்தல் வேண்டும் என்பது என் கருத்து. மட்டக்களப்புப் பகுதியிலே கூத்துப் பழகும் ஊர்களுக்குச் சென்றபொழுது கண்டவற்றால் இக்கருத்து என்னுள் உறுதிபெற்றது.

சட்டமும் அண்ணாவியாரும்

மட்டக்களப்பிலே நடிகர் தெரிவுக்குத் தனிப்பெயர் ஒன்று வழங்கி வருகின்றது. அது 'சட்டம் கொடுத்தல்' எனப்படும். நீதிமன்றத்துக்கும் இச்சொல்லுக்கும் இங்கே தொடர்பில்லை. கூத்தின் மூலப் பிரதியிலிருந்து ஒரு பாத்திரத்துக்குரிய பாட்டுக்களையும் வசனங்களையும் தனியே பிரித்தெழுதி, அப்பாத்திரத்தை ஆடவிருப்பவன் கையிற் கொடுப்பதே சட்டம். முன்னாளில் ஏட்டிலிருந்த கூத்து பின்னாளிற் பாடசாலைக் கொப்பியின் தாள்களுக்கு வந்து சேர்ந்தது. எதில் எழுதப்பட்டிருப்பினும், சட்டம் கைக்கு வந்த கணத்திலிருந்து அவ்விளைஞன் கூத்துக்காரன். பல மாதங்களுக்கு அவனுடைய இரவுகள் களரிக்கு உரியன.

இதற்கு முன்னர் நடப்பவையும் கவனிக்கற்பாலன. ஊர்ப் பெரியோர் கூடி, இவ்வாண்டு எந்தக் கூத்தை ஆடுவது, வடமோடியா தென்மோடியா என்று பேசி முடிவு செய்வர். வடமோடிக் கூத்துக்கள் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளைப் பொருளாகக் கொண்டு போரும் வீரமும் மிக்கனவாய் அமைவன. தென்மோடிக் கூத்துக்கள் நாட்டுக் கதைகளையும் காதற் கதைகளையும் தழுவி, நுணுக்கமான ஆட்டங்களையும் இழுத்துப் பாடும் இசையையும் உடையன. எம்மோடி என்பது முடிவானதும், அதில் வல்ல அண்ணாவியாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு விடுப்பர். அண்ணாவியார் என்பார் ஆசிரியர், நெறியாளர், மத்தளகாரர், பாடகர் என்னும் நால்வரும் ஓருருக் கொண்டாற் போன்றவர். தெரிவுக்குரிய இறுதிச் சொல் அவருடையது.

சட்டம் கொடுத்தபின் பழக்கம் தொடங்கும். தாளக்கட்டுக்கேற்ப அடியெடுத்து வைக்கப் பழகுதல் முதற்படி. ஆட்டம் காலுக்கு இசைந்தபின் சதங்கை அணியும் விழா நடைபெறும். கிழமைதோறும் குறித்த இரவிலே ஊரார் முன்னிலையில் ஆடிப் பார்ப்பது கிழமைக் கூத்து. தொடக்கம் முதல் முடிவு வரை முழுவதையும் ஒருமுறை ஒழுங்குபெற ஆடிச் சரிபார்ப்பது அடுக்குப் பார்த்தல். இவற்றுக்குப் பின்னரே, உயர்த்திய மண்மேடையாகிய வட்டக் களரியிலே, நாற்புறமும் ஊரார் சூழ்ந்திருக்க, இரவு தொடங்கிய அரங்கேற்றம் விடியும் வரை நடைபெறும். அரங்கேற்றம் முடிந்ததும் கூத்தர் வீடுவீடாகச் சென்று சிறிது சிறிதாக ஆடிக் காட்டுவதும் வழக்கம்.

இவ்வொழுங்கை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அரங்கேற்ற இரவில் முதன்முதலாகக் கூத்தைப் பார்க்கும் ஊரவர் எவரும் இலர். யாருக்கு எச்சட்டம் கிடைத்தது என்பதை முதல் நாளே அவர்கள் அறிவர். அவன் கால் தாளத்துக்குப் பிந்தியதையும், பின்னர் ஒருநாள் தாளத்தோடு இணைந்ததையும் கண்டிருப்பர். ஆதலின் அவர்கள் அரங்கேற்றத்திற் காண்பது கருணனை மட்டுமன்று. ஐந்தாறு மாதத்திற் கருணனாக வளர்ந்த தம் அயல்வீட்டுப் பையனையுங் காண்கின்றனர்.

களரியில் ஒரு மாலை

சில ஆண்டுகளுக்கு முன், பெரும்போக அறுவடை முடிந்த காலத்தில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலே ஓரூரில் இத்தெரிவைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அபிமன்யுவின் கதையைப் பொருளாகக் கொண்ட ஒரு வடமோடிக் கூத்துக்கு அன்று ஆட்களைப் பார்த்தார்கள். கோயில் வெளியிற் பாய் விரித்திருந்தது. ஏறக்குறைய முப்பது இளைஞர் வந்திருந்தனர். நகரத்து நாடக மன்றங்களின் வழக்கத்தை அறிந்தவனாகையால், ஒவ்வொருவராக அழைத்து நடித்துக் காட்டுமாறு கேட்பார்கள் என எண்ணியிருந்தேன். அண்ணாவியார் அவ்வாறு எவரையும் கேட்கவில்லை. ஒரு விருத்தத்தைத் தாமே பாடினார். பின் அனைவரையும் சேர்ந்து பாடச் சொன்னார். அவ்வாறு பலமுறை பாடிய பின்னரே ஒவ்வொருவரைத் தனியே பாடவைத்தார். அதே பாட்டைச் சற்று உயர்ந்த சுருதியில் மறுபடியும் பாடவைத்தார். கூச்சம் நீங்கிய குரலையே அவர் சோதித்தார் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

விடியும் வரை பாடவேண்டிய கலையிலே குரல் இனிமையாக இருப்பது மட்டும் போதாது. மத்தளத்தையும் சல்லரியையும் மீறித் திறந்த வெளியிலே கடைசி வரிசை வரை செல்ல வேண்டும். மூச்சு, ஆடும்பொழுதும் குலையாதிருக்க வேண்டும். உயரமும் உடற்கட்டும் பாத்திரத்துக்குப் பொருந்த வேண்டும். வடமோடி அரசருக்குரிய பாரமான உடுப்பையும் முடியையும் தாங்கி நின்று ஆட வலிமை வேண்டும். இவையனைத்தையும் அண்ணாவியார் ஒரு மாலைப் பொழுதிற் கணித்துவிட்டார்.

பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் அபிமன்யுவின் சட்டத்தைக் கேட்டு நின்றான். கதையை நோக்கின் அவன் வயதே அதற்குப் பொருத்தம். பாட்டையும் பிழையின்றிப் பாடினான். ஆனால் மேற்சுருதிக்கு ஏறியபொழுது குரல் இரண்டாகப் பிளந்தது. சுற்றியிருந்த சிலர் சிரித்தனர். அண்ணாவியார் சிரிக்கவில்லை. அவனை அருகில் அழைத்து அமரச் செய்தார்.

"உனக்கு இப்பத் தொண்டை உடையிற காலம் மனே. இந்த நேரத்தில இரவிரவாப் பாடினா, பிறகு பாடவே ஏலாமப் போயிரும். ரெண்டு வருசம் பொறு. அதுவரைக்கும் எனக்குப் பக்கத்தில நிண்டு சல்லரியப் பிடி" என்றார்.

சிறுவனின் கண்கள் கலங்கின. எனினும் சல்லரியை வாங்கிக்கொண்டான். அன்றிரவு புறப்படும்பொழுது, அச்சிறுவனுக்குச் சிறிய வேடம் ஒன்றேனுங் கொடுத்திருக்கலாகாதா என்று அண்ணாவியாரிடம் வினவினேன். அவர் சொன்ன மறுமொழி இது:

"சேர், சட்டம் வாங்கினவனுக்கு அவன்ட பாட்டு மட்டுந்தான் தெரியும். சல்லரி பிடிக்கிறவனுக்கு முழுக் கூத்தும் தெரிஞ்சிரும். நாளைக்கு எனக்குப் பிறகு மத்தளத்தத் தூக்கிறவன் அவனுக்குள்ளதான் இருப்பான்."

தெரிவு செய்தல் என்பதன் முழுப் பொருளும் இச்சில சொற்களில் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. தகுதியுடையாரை எடுத்து ஏனையோரைக் கழிப்பது ஒருவகைத் தெரிவு. வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்று உரிய இடம் எது, நாளை உரிய இடம் எது என்று காண்பது மற்றொருவகை. 'இல்லை' என்பதைக் காரணத்தோடு முகம் பார்த்துச் சொல்லி, கையில் ஒரு தாளத்தையுங் கொடுத்து இருத்தியமையால், ஊர் அச்சிறுவனை இழக்கவில்லை.

மறைக்கலாகாத மறுபக்கம்

இவ்வாறு கூறுவதால், கிராமத்துத் தெரிவு முறை குற்றமற்றது என்று கொள்ளலாகாது. சட்டம் கொடுக்கும் நாளிலே குரலும் காலும் மாத்திரம் பேசியதில்லை. குடியும் செல்வமும் பேசியதுண்டு. உடுப்புச் செலவைக் கூத்தனே ஏற்கும் வழக்கம் இருந்தமையால், அரசர் வேடம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை நாடிச் சென்றது. இன்னார் இன்ன வேடம் ஆடலாம், இன்னார் ஆடலாகாது என்ற சாதிக் கட்டுப்பாடும் இருந்தது. கூத்துக்கள் தாமும் சில இடங்களிற் சில குடியினரை நகைப்புக்குரியவராகக் காட்டின. மரபுவழிக் களரியிலே பெண் வேடத்தையும் ஆண்களே ஆடினர். சட்டம் கேட்கும் வரிசையிலே பெண்ணொருத்தி நிற்பது நினைக்கவும் இயலாததாயிருந்தது.

இக்குறைகளைக் கூத்து மரபின் உள்ளிருந்தே வினாவியோரும் உளர். 2000 ஆம் ஆண்டை அடுத்த ஆண்டுகளிலே மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையிலே, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் ஊர்க் கூத்தரோடு இணைந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்னும் முயற்சியில் இறங்கினார். களரியையும் ஆட்டத்தையும் ஊரிலேயே விட்டுவைத்து, கூத்தின் கதையிலும் சொல்லிலும் சாதி, பெண் ஆகியன பற்றி வந்த கருத்துக்களை ஊராரே பேசித் திருத்துவது அதன் நோக்கமாயிற்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று மாணவியரும் கூத்துப் பயில்கின்றனர். 'யார் ஆடலாம்' என்ற வினாவுக்கு ஒரு தலைமுறையில் விடை மாறியிருக்கின்றது. இதனை மரபின் அழிவு என்று வருந்துவோரும் உளர். என் மட்டில், சட்டம் கேட்போர் தொகை இரட்டிப்பாவது எந்த மரபுக்கும் நட்டமாகாது.

பேராதனையில் நடந்த தெரிவு

ஆடுவோர் மாறியதால் அரங்கே புதிதான வரலாறு ஒன்றும் எமக்கு உண்டு. 1956 ஆம் ஆண்டிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாடகம என்னும் கூத்து மரபைத் தழுவி 'மனமே' நாடகத்தை மேடையேற்றிப் பெருவெற்றி கண்டார். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்திலேயே தமிழ் விரிவுரையாளராக இருந்து, இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குந் தலைமை வகித்த சு. வித்தியானந்தன் அவர்கள், தமிழ்க் கூத்தையும் அவ்வாறு கற்றோர் அவைக்குக் கொணரலாம் எனத் துணிந்தார். பேராதனையில் மாணவரைக் கொண்டு 1962 ஆம் ஆண்டிலே 'கர்ணன் போர்', 1963 ஆம் ஆண்டிலே 'நொண்டி நாடகம்', அதனைத் தொடர்ந்து 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை அவர் மேடையேற்றினார்.

இம்முயற்சியிலே மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பட்டம் பெற வந்த மாணவர், பட்டம் எதுவும் பெறாத ஒரு கலைஞர் முன்னிலையில் வரிசையாக நின்று அடியெடுத்துப் பழகினர். களரியை முன்பின் கண்டிராத பிற மாவட்டத்து மாணவரும் அவர்களிடையே இருந்தனர். இராவணன் வேடத்தை ஏற்று ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராசிரியராய், தம் மாணவரைக் கொண்டு இராவணேசனை மீண்டும் மேடையேற்றியமை யாவரும் அறிந்ததே. ஒரு நாள் ஒருவர் கையிற் கொடுக்கப்பட்ட சட்டம் அரை நூற்றாண்டுப் பணிக்கு வித்தாயிற்று.

ஆயினும் இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. விடியும் வரை நடந்த கூத்து, படச்சட்ட மேடைக்கு வந்தபொழுது சில மணித்தியாலத்துக்குள் அடக்கப்பட்டது. பாட்டுக்கள் குறைந்தன; பாத்திரங்களும் குறைந்தன. கலையின் இறுக்கம் கூடிற்று என்பது உண்மை. அவ்வளவுக்கு, சட்டம் பெறக்கூடியவர் தொகை சுருங்கிற்று என்பதும் உண்மை. ஊர்க் கூத்திலே மந்திரிக்கும் தூதனுக்கும் கட்டியகாரனுக்கும் ஆள் வேண்டும். சுருங்கிய மேடைக்குத் திறன்மிக்க சிலரே போதும்.

பாடசாலை மேடையில்

இதனைக் கூறுவதற்குக் காரணம், இச்சுருக்கம் இன்று எமது பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்திருப்பதே. தமிழ் மொழித் தினப் போட்டிகளிலே நாடகமும் நாட்டுக்கூத்தும் இடம்பெறுவது பாராட்டத்தக்கது. அப்போட்டிகள் இல்லையேல் பல மாணவர் கூத்தென்ற சொல்லையே அறியாது பாடசாலையை விட்டுச் செல்வர். ஆனால் போட்டி வந்ததும் பரிசு வருகின்றது; பரிசு வந்ததும் தெரிவு அவசரமாகின்றது. சென்ற ஆண்டு ஆடியவர், ஆசிரியருக்கு ஏலவே பழக்கமானவர், முன்வரிசையில் இருப்பவர் ஆகியோரே திரும்பத் திரும்ப அழைக்கப்படுகின்றனர். வாசலில் வந்து நிற்கும் புதிய பிள்ளைக்கு ஒரு நிமிடமே கிடைக்கின்றது. அந்த நிமிடத்திற் குரல் நடுங்கினால் அப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதே. ஒருமுறை அவ்வாறு சென்ற பிள்ளை மறுமுறை வருவதில்லை என்பதை ஆசிரியராயிருப்போர் அறிவர்.

அண்ணாவியாரிடம் கற்கத்தக்க சிலவற்றை ஆசிரிய அன்பர்களுக்கும் சிறு நாடக மன்றங்களை நடத்துவோருக்கும் இங்கு முன்வைக்க விரும்புகின்றேன்.

முதலாவது, தெரிவு நாளைப் பகிரங்கமாக அறிவித்தல். அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சிடும் நாம், தெரிவுக்கு ஒரு தாளையேனும் அறிவித்தற் பலகையில் ஒட்டுவதில்லை. எக்கதை, எத்தனை பாத்திரம், எத்தனை மாதப் பழக்கம் என்பவற்றை இரண்டு வாரத்துக்கு முன்னரே எல்லோருக்கும் அறியத் தருதல் வேண்டும்.

இரண்டாவது, முதலிற் பழக்கிப் பின்னர் தெரிதல். வந்தவர் யாவருக்கும் ஒரே பாட்டையும் ஒரே அடியையும் ஒரு கிழமை பழக்கிப் பாருங்கள். முதல் நாள் முன்னின்றவர் ஏழாம் நாளும் முன்னிற்பார் என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாவது, ஒரு பாத்திரத்தைப் பலருக்குப் பகிர்தல். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஆடப்படும் காத்தவராயன் கூத்திலே, காத்தவராயனின் வாழ்வைப் பருவங்களாகப் பிரித்து ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஆடுவர். ஒரே நாயகனாகப் பலர் வருவது பார்ப்போருக்குக் குழப்பந் தருவதில்லை. ஆடுவோருக்கோ அது பெருவாய்ப்பு.

நான்காவது, வேடம் கிடையாதவருக்கு மெய்யான பணி கொடுத்தல். தண்ணீர் கொண்டுவருவதும் கதிரை அடுக்குவதும் நாடகப் பயிற்சியாகா. பிற்பாட்டு, தாளம், ஒப்பனை, உடையமைப்பு ஆகியவற்றிலும், ஆடுபவர் நோயுற்றால் அவரிடத்தை ஏற்பதற்கும் அவர்களைப் பழக்குதல் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பெயரும் இடம்பெறல் வேண்டும்.

ஐந்தாவது, இல்லை என்பதை நேரிற் சொல்லுதல். பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு அப்பாற் செல்வது எளிது. காரணத்தைச் சொல்லி, எப்பொழுது திரும்ப வரலாம் என்பதையுஞ் சொல்வது கடினம். ஆயின் கலை தழைப்பது இக்கடினமான செயலாலேயே.

இவற்றால் பரிசு தவறிவிடும் என்று அஞ்சுவோர் இருக்கலாம். ஓராண்டுப் பரிசு தவறக்கூடும். ஆனால் பத்துப் பேரோடு பரிசு பெற்ற பாடசாலையிலே அப்பத்துப் பேரும் உயர்தரப் பரீட்சை எழுதிச் சென்றபின் யார் ஆடுவர்? முப்பது பேரைப் பழக்கிய பாடசாலைக்கு அக்கவலை இல்லை.

இனி வரும் கூத்துகள்

போர்க்காலத்தில் எமது கிராமங்கள் பட்ட பாட்டை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரவிலே வீட்டை விட்டு வெளியேறுவதே அச்சந் தந்த அவ்வாண்டுகளில், விடியும் வரை களரியில் ஆடுவது எங்ஙனம் இயலும்? ஊர்கள் இடம்பெயர்ந்தன, கொப்பிகள் அழிந்தன, அண்ணாவிமார் சிலர் தம் வித்தையைக் கையளிக்காமலே மறைந்தனர். 2009 ஆம் ஆண்டிலே போர் முடிவுற்றபின் களரிகளில் மீண்டும் விளக்கேறியது. ஆனால் இன்று இளைஞர் தொழில் தேடிக் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் செல்கின்றனர். ஐந்தாறு மாதம் ஊரிலிருந்து பழகத்தக்கவரைத் தேடவேண்டிய நிலை ஏற்பட்டிருக்கின்றது. எனவே, நடிகர் தெரிவு முன்னெப்போதையும்விட இன்று முதன்மை பெறுகின்றது. கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பும் வசதி எமக்கு இல்லை.

அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்ததும் மட்டக்களப்பு ஊர்களிலே மத்தள ஒலி கேட்கத் தொடங்கும். நகர மன்றங்களும் பாடசாலைகளும் தத்தம் நாடகங்களுக்கு ஆயத்தஞ் செய்யும். இனி, நாடகக்காரர் ஒருவரைக் காணும்பொழுது, "எப்போது அரங்கேற்றம்?" என்று வினவுவதோடு, "எப்போது சட்டம் கொடுக்கிறீர்கள்?" என்றும் வினவுங்கள். அந்நாளிலே, பாடத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பின் அழைத்துச் செல்லுங்கள். பாடத் தெரியாத பிள்ளை இருப்பினும் அழைத்துச் செல்லுங்கள். களரியிலே சல்லரி பிடிப்பதற்கும் ஆள் வேண்டும்.